பதினொரு புள்ளியும் ஒரு பேட்டரியும்

போன வியாழக்கிழமை மதியம் வீடு திரும்பியபோது என் பேன்ட் முழங்காலுக்கு மேல் வரை ஈரம். செருப்பு நிறைய கடற்கரை மணல். கழுத்தில் புத்தம்புது கேமரா.

என் மனைவி செல்வி மேலும் கீழும் பார்த்தார். "ஏங்க... போட்டோ எடுக்கப் போனீங்களா, மீன் பிடிக்கப் போனீங்களா?"

நியாயமான கேள்விதான். பதில்தான் கொஞ்சம் நீளம். உங்களுக்கும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்குத் தெரியும். கேமரா வாங்கப் போகிறேன் என்று மூன்று மாதமாகப் புலம்பிக்கொண்டிருக்கிறேன். 'எதை வாங்கலாம், சொல்லுங்கள்' என்று உங்களிடமும் கேட்டுவைத்தேன். கேட்டிருக்கக் கூடாது! வந்த கடிதங்களில் பாதி ஒரு கட்சி, மீதி எதிர்க்கட்சி. கந்தர்வகோட்டை வாசகர் ஒருவர் மட்டும், 'போன் இருக்கும்போது கேமரா எதற்கு?' என்று சுயேச்சையாக நின்றார்.

களத்தில் இருந்தவை இரண்டு. டிஎஸ்எல்ஆர் ரகத்தில் முதன்முதலாக வாங்குகிறவர்களுக்கான கேமராக்கள். கம்பெனி பெயரை எழுதினால் ஆசிரியர் வெட்டிவிடுவார். ஒன்றின் கழுத்துப் பட்டையில் சிவப்புக் கோடு, மற்றதில் மஞ்சள் கோடு. சிவப்பு, மஞ்சள் என்றே வைத்துக்கொள்வோம்.

விலை? கிட்டத்தட்ட ஒன்று. மெகாபிக்ஸல்? அதுவும் ஒன்று. கூடவே கொடுக்கிற லென்ஸ்? இதில் என்னவோ அதுதான் அதிலும். அப்புறம் மூன்று மாதம் எதைத்தான் ஒப்பிட்டீர்கள் என்கிறீர்களா? அங்கேதான் இருக்கிறது என் திறமை!

சிவப்பில் ஃபோகஸ் புள்ளிகள் ஒன்பது. மஞ்சளில் பதினொன்று. இந்த இரண்டு புள்ளிகளைப் பற்றி மட்டும் மூன்று வாரம் யூடியூப் பார்த்தேன். நோட்டுப் போட்டுக் குறிப்பு எடுத்தேன்.

"ரெண்டு புள்ளி கூட இருந்தா என்ன ஆகுமாம்?" என்றார் செல்வி.

"பறக்குற பறவையைக்கூட டக்குன்னு பிடிச்சிடும்."

"நீங்க எடுக்கப் போறது முருகேசண்ணன் படகு. அது எங்க பறக்கப் போகுது? புள்ளிய வச்சுக் கோலமா போடப் போறீங்க?"

நான் பேச்சை மாற்றி, மஞ்சள் அறுபது கிராம் எடை குறைவு என்றேன். அறுபது கிராம் என்றால் ஒரு தக்காளி என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போய்விட்டார்.

முருகேசன் படகு என்றாரே, அதைச் சொல்ல வேண்டும். கேமரா ஆசை எனக்கு வெகுநாளாக உண்டு என்றாலும், அதை வாங்கியே தீர வேண்டிய காரணம் அந்தப் படகுதான்.

முருகேசன் என் கல்லூரித் தோழன். ஜெகதாப்பட்டினத்துக்காரன். புதுக்கோட்டையில் மூன்று வருஷம் ஒரே பெஞ்சு. நான் டிகிரியோடு ஆபீஸுக்குப் போனேன், அவன் டிகிரியோடு கடலுக்குப் போனான். அவனிடம் ஒரு விசைப்படகு இருந்தது. எல்லை தாண்டியதாகப் பிடிபட்டு, ஆள் மட்டும் திரும்பி வந்தான். படகு அக்கரையிலேயே நின்றுவிட்டது. நான்கு வருஷம் அடுத்தவர் படகுகளில் வேலைக்குப் போனான். இப்போதுதான் சொந்தமாக ஒரு ஃபைபர் படகு தயாராகியிருந்தது.

மூன்று மாதம் முன்பு அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். அவன் மனைவி ராணி சுவரில் மாட்டியிருந்த ஒரு படத்தைக் காட்டினார். ஏதோ ஒரு பொங்கலன்று கரையில் மகளோடு அவர் நிற்கிற படம். பின்னால் அந்தப் பழைய படகின் மூக்கு தெரிகிறது. அதிலும் பாதியை ராணியின் தோளே மறைத்துவிட்டது.

"இவ்வளவுதாண்ணே இருக்கு. போன்ல எடுத்ததெல்லாம் போனோட சேந்து தண்ணியில போயிருச்சு. பதினோரு வருசம் சோறு போட்ட படகு... இந்த எடத்துல போயி நான் நின்னுருக்கேன் பாருங்க!" என்றார். அந்தத் தோளுக்காக அவர் தன்னையே திட்டிக்கொண்டது எனக்கு என்னவோ போல் இருந்தது.

முருகேசன் சொன்னான். "புதுப் படகு எறக்குறப்ப ஒரே ஒரு போட்டோ வேணும் மாப்ள. முழுப் படகும் வரணும். எங்க ஆளுக எல்லாரும் வரணும். பெருசா பிரேம் போட்டு மாட்டணும்."

"கவலையை விடு. நானே எடுக்கிறேன்" என்றேன்.

யார் கேட்டது? ஆனால் வாயை விட்டாயிற்று. படகு முதன்முதலாகத் தண்ணீரைத் தொடுவது ஒரே ஒரு தடவை. கல்யாணத்தில் தாலி கட்டுவதைப் போல, 'இன்னொரு தரம் கட்டுங்க' என்று கேட்க முடியாது. அதனால்தான் அத்தனை ஒப்பீடு... அத்தனை நோட்டு!

திருச்சியில் ஒரு கடைக்கு மூன்று முறை போனேன். இரண்டு கேமராவாலும் எதிரே இருந்த ஜூஸ் கடையின் சாத்துக்குடிக் குவியலை எடுத்து, வீட்டில் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தேன். எந்தச் சாத்துக்குடி எந்த கேமரா என்று எழுதிவைக்க மறந்துவிட்டேன். கடைசிவரை கண்டுபிடிக்க முடியவில்லை. மூன்றாம் முறை போனபோது கடைப்பெண், "வாங்க சார், இன்னைக்கும் பாத்துட்டுத்தான் போவீங்களா?" என்று சிரித்தபடியே கேட்டார்.

கோட்டைப்பட்டினத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கும் நூர்ஜஹானிடமும் போனேன். அந்தக் கடலோரத்தில் கல்யாண வீடு என்றால் படம் எடுக்க அவரைத்தான் கூப்பிடுவார்கள். என் நோட்டை நான்கு பக்கம் புரட்டியவர், "சார், ரெண்டும் நல்ல கேமராதான். ஒண்ண வாங்கிட்டு எடுக்க ஆரம்பிங்க. நாளாகுதுல்ல?" என்றார். அவரிடம் இருந்தது சிவப்பு. அவருக்கு அந்த இரண்டு புள்ளிகளின் அருமை தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன். ஆணவம்!

முருகேசன்தான் நோட்டைத் திறக்கவே விடவில்லை.

"ஒரே கேள்விதான் மாப்ள. இங்கிட்டு யார்கிட்ட எது இருக்கு?"

"நூர்ஜஹான்கிட்ட சிவப்பு. கட்டுமாவடி ஸ்டுடியோவிலும் சிவப்புதான். அதுக்கும் இதுக்கும் என்னடா?"

"அப்ப சிவப்ப வாங்கு. எங்க கரையில எல்லாரும் ஒரே கம்பெனி இன்ஜினுதான் வாங்குவோம், ஏன் தெரியுமா? அதவிட நல்ல இன்ஜின் இல்லாமயா? நடுக்கடல்ல நின்னு போச்சுன்னா யூடியூபா வந்து தள்ளும்? பக்கத்துப் படகுக்காரன்தான் வருவான். அவன்கிட்ட இருக்குற சாமான் நம்ம இன்ஜினுக்குச் சேரணும்ல?"

"கேமரா என்ன கடலுக்கா போகுது?" என்று நான் சிரித்தேன். மறுவாரம் மஞ்சளை வாங்கினேன்.

சரி, வியாழக்கிழமைக்கு வருவோம்.

நல்ல நேரம் ஒன்பது மணிக்குள். கடலிலும் அதற்குள் தண்ணீர் ஏறிவிடும். நான் அறந்தாங்கியிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து ஏழு மணிக்கே ஜெகதாப்பட்டினம் கரையில் நின்றேன். சும்மா நிற்க முடியுமா? புது கேமராவாயிற்றே! கடற்காகங்களை எடுத்தேன். பதினொரு புள்ளி ஆயிற்றே, பறக்கிற காகத்தை எடுக்காவிட்டால் எப்படி? ஐஸ் பெட்டிகள், வலைக் குவியல், மாலை போட்ட படகு... படகை மட்டும் எட்டுத் திசையிலிருந்தும் எடுத்தேன். ஒவ்வொன்றையும் திரையில் பெரிதாக்கி ரசித்தேன். முந்தின நாள் முழுக்க வீட்டு வாசலில் ஸ்கூட்டர் நம்பர் பிளேட்டை எடுத்துப் பழகியது வேறு.

எட்டரைக்குத் தேங்காய் உடைந்தது. எலுமிச்சம்பழம் நசுங்கியது. படகின் அடியில் உருளைக் கட்டைகளைப் போட்டார்கள். முருகேசன், ராணி, மகள், மச்சினன்கள், பக்கத்துப் படகுக்காரர்கள், ஐஸ் கம்பெனிக்காரர் எல்லாரும் படகின் இரு பக்கமும் கை வைத்தார்கள். ராணி என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினேன். கேமராவைத் தூக்கித் திரையைப் பார்த்தேன்.

இருட்டு.

மூடியைக் கழற்ற மறந்துவிட்டேனா? இல்லை. ஆஃப் செய்து ஆன் செய்தேன். சிவப்பாக ஒரு பேட்டரிப் படம் கண் சிமிட்டிவிட்டு அணைந்தது. பேட்டரியை வெளியே எடுத்து, டிவி ரிமோட் செல்லைத் தேய்ப்பதைப் போலச் சட்டையில் தேய்த்து உள்ளே போட்டேன். மறுபடியும் ஒரு சிமிட்டல். அவ்வளவுதான்.

இன்னொரு பேட்டரி வாங்கியிருக்கலாமே என்பீர்கள். வாங்கத்தான் போனேன். கம்பெனி ஒரிஜினலா, பாதி விலையில் கிடைக்கிற வேறு தயாரிப்பா, எது நல்லது என்று நோட்டில் புதுப்பக்கம் திறந்து ஒரு வாரமாக ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன்...

சுவரில் இருந்த அந்தப் பாதி மூக்குதான் நினைவுக்கு வந்தது. இந்தப் படகுக்கும் அதே கதி என் கையாலா?

கூட்டத்தில் நூர்ஜஹான் நிற்பது தெரிந்தது. கட்டுமாவடியில் ஒரு கல்யாணத்துக்குப் போகிற வழியில், வாழ்த்திவிட்டுப் போக வந்திருக்கிறார். தோளில் கேமரா பை. ஓடினேன்.

"பேட்டரி... பேட்டரி இருக்கா?"

"மூணு இருக்கு சார்!" என்று பையில் கைவிட்டவர், என் கேமராவைப் பார்த்ததும் நிறுத்தினார். "மஞ்சளா வாங்கிட்டீங்க? இது அதுக்குச் சேராதே சார்."

நடுக்கடலில் இன்ஜின் நின்றால் எப்படி இருக்கும் என்று அந்த நிமிஷம் எனக்குத் தெரிந்தது.

நூர்ஜஹான் செருப்பைக் கழற்றிப் போட்டார். ஒரு ஐஸ் பெட்டியின் மேல் ஏறி நின்று, தன் கேமராவை எடுத்தார். "முருகேசண்ணே, நான் எடுக்குறேன்! யாரும் குனியாதீங்க... ராணியக்கா, மொகத்தக் காட்டுங்க!"

நான் கரையில் தனியாக நின்றேன். வெட்கமாக இருந்தது. மூன்று மாதப் பீற்றல், ஒரு நோட்டு, ஒரு செத்த கேமரா.

"மாப்ள!" முருகேசன் அங்கிருந்தே கத்தினான். "கேமராதான நின்னு போச்சு? கை நல்லாத்தான இருக்கு? வாடா, வந்து தள்ளு!"

போனேன். செருப்போடு, பேன்ட்டோடு. இடது கையால் கேமராவைப் பிடித்துக்கொண்டு வலது கையைப் படகில் வைத்தேன்.

"அண்ணே, ரெண்டு கையும் வைங்க!" என்று ராணி அதட்டினார்.

கேமராவை முதுகுப் பக்கம் தள்ளிவிட்டு இரண்டு கையும் வைத்தேன். யாரோ குரல் கொடுக்க, எல்லாரும் சேர்ந்து தள்ள, படகு கட்டையில் உருண்டது. தண்ணீர் பாதத்தைத் தொட்டது, முழங்காலைத் தாண்டியது. சட்டென்று கையில் இருந்த கனம் காணாமல் போனது. படகு மிதந்துவிட்டது! எனக்கு ஏனோ கண் கலங்கிவிட்டது. ராணி ஒரே நேரத்தில் அழுதார், சிரித்தார். கடல் தண்ணீரில் முகத்தைக் கழுவிக்கொண்டு மறுபடியும் அழுதார்.

நேற்று முருகேசன் வீட்டுக்குப் போயிருந்தேன். பிரேம் வந்துவிட்டது. சுவரில் பாதியை அடைத்துக்கொண்டு பெரிதாக. முழுப் படகும் இருக்கிறது, மூக்கிலிருந்து வால் வரை. யாருடைய தோளும் எதையும் மறைக்கவில்லை. ராணி படத்தில் விரலை வைத்து ஒவ்வொருவராக எண்ணிக்கொண்டே வந்தார். படகின் பின்பக்கம், வாயைப் பிளந்துகொண்டு முக்கித் தள்ளுகிற ஒரு வழுக்கைத் தலையில் வந்து விரல் நின்றது. அது நான்தான்.

படம் பார்க்க வந்திருந்த ஐஸ் கம்பெனிக்காரருக்கு ஒரு சந்தேகம். "இவரு முதுகுல கேமரா கெடக்கு. அப்ப இத எடுத்தது யாரு?"

எல்லாரும் சிரித்தார்கள். நான் மன்னிப்பு மாதிரி ஏதோ இழுத்தேன். முருகேசன் விடவில்லை.

"அட, பேட்டரி போனது நல்லதாப் போச்சுடா. எங்க ஆளுக எல்லாரும் வரணும்னு அன்னைக்கே சொன்னேன்ல? நீ கேமராவுக்குப் பின்னாடி நின்னுருந்தா, ஒன்னைய எங்கிட்டுடா தேடுறது?"

மூன்று மாதம் நான் இரண்டு கேமராக்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். யார் பக்கத்தில் நிற்கிறேன் என்று பார்க்கச் சொன்னவன் அவன் ஒருவன்தான். எந்த யூடியூப்காரரும் அதைச் சொல்லவில்லை.

இப்போது அந்தப் படத்தைப் பார்க்க அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து தினமும் ஆள் வருகிறது. எந்த கேமராவில் எடுத்தது என்று இதுவரை ஒருத்தரும் கேட்கவில்லையாம். எல்லாரும் கேட்பது, 'இன்ஜின் என்ன கம்பெனி?'

என் மஞ்சள் நன்றாக இருக்கிறது. இரண்டாவது பேட்டரியா? ஒரிஜினலா, மற்றதா என்று இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்!