நாலாவதாக வந்த ஏழாம் நம்பர்

மைக் பிடித்துப் பேசுகிறவர்களில் பொய் சொல்லாத ஒரே மனிதர் என் அப்பாதான் என்று பத்து வயதுவரை நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கையை அவரே கெடுத்தார். அதுவும் நாலு ஊர் கேட்கும்படி, கோளாம்பி என்று நாங்கள் சொல்லும் கூம்பு ஒலிபெருக்கியில்.

அப்பாவுக்குக் கருங்கல் என்ற ஊரில் ஒரு பைக் உதிரிபாகக் கடையில் வேலை. உயிர் மட்டும் பந்தய வர்ணனையில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை டிவியில் பைக் பந்தயம் வந்தால் சத்தத்தை அடைத்துவிடுவார். டார்ச் லைட்டை வாயருகே பிடித்துக்கொண்டு, கடைசி வட்டம்வரை தானே தமிழில் சொல்லித் தீர்ப்பார். இது என்ன கூத்து என்று கேட்டால், “வெள்ளக்காரனுவ நல்லாத்தான் சொல்லுவானுவ மக்கா. ஆனா நம்ம ஆளுவளுக்கு வெளங்காண்டாமா?” என்பார்.

ஊர் விளையாட்டுக் கழகத்தின் ஆண்டு விழாவில், அறுப்பு முடிந்த வயலில் பைக் பந்தயம் நடக்கும். வருடா வருடம் அப்பாதான் வர்ணனை. கண்ணில் கண்டதை மட்டும் சொல்ல வேண்டும், சொந்தக்காரனைப் புகழக் கூடாது என்பதில் கறாராக இருப்பார். இதில் அடிபட்டது என் அண்ணன்தான். அவன் ஏழாம் நம்பர். முந்தின வருடம் எல்லாரையும் மண் தின்ன வைத்துவிட்டு முதலில் வந்தான். “ஏழாம் நம்பர், முதலிடம்” என்று ரயில் நேரம் அறிவிப்பது போல ஒரு வரி சொல்லிவிட்டு, இரண்டாவதாக வந்தவனை அப்பா வாயாரப் புகழ்ந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெற்ற மகனை இரண்டு வார்த்தை பாராட்டினால் மைக் தேய்ந்தா போகும்?

அம்மா மைதானத்துக்கு வரமாட்டாள். அவளுக்கு ரத்தக்கொதிப்பு, மகன் வண்டியில் பறப்பதைப் பார்க்கும் தெம்பு கிடையாது. எங்கள் வீட்டு முடுக்குச் சந்தில் கட்டியிருக்கும் கோளாம்பியில் அப்பா சொல்லச் சொல்ல, அடுக்களையில் இருந்தபடியே பந்தயம் முழுவதையும் கேட்டுவிடுவாள்.

அந்த வருடம் ஓடைப் பக்கத்து வளைவில் வைக்கோல் கட்டுகளை அடுக்கச் சொல்லி அப்பா முதல் நாளே சண்டை போட்டார். வைக்கோலும் வந்தது. ஆனால் விழாவன்று மேடைக்கு முன்னால் சகதியாகிவிட்டதாம். விருந்தினர்களின் செருப்பு அழுக்காகிவிடுமாம். கட்டுகளைப் பிரித்து அங்கே விரித்துவிட்டார் கழகச் செயலாளர். அப்பா கேட்டதற்கு, “ஒரு வளைவுதானே அண்ணாச்சி, பயலுவ பாத்து ஓட்டுவானுவ” என்றார். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது. எங்கள் ஊர்ப் பையன்களின் எலும்பைவிட அவர்களின் செருப்பு உசத்தியாகிவிட்டது!

கடைசிக்கு முந்தின வட்டம். அந்த வளைவுக்குப் பக்கத்து வரப்பில் நின்றுகொண்டிருந்தேன். இரண்டாவதாக வந்த அண்ணன் முன்னால் போகிறவனை முந்தப் பார்த்தான். பின்சக்கரம் வழுக்கியது. தடுத்து நிறுத்த ஒரு பிடி வைக்கோல் இல்லை. ஓடைக் கல்கட்டில் போய் மோதி விழுந்தான். அவன் கால்மேல் வண்டி விழுந்தது. கால் திரும்பக் கூடாத பக்கம் திரும்பிக் கிடந்ததை நான் பார்த்தேன். பையன்கள் ஓடிப்போய் வண்டியைத் தூக்கினார்கள்.

அப்போது கோளாம்பியில் அப்பாவின் குரல் கேட்டது.

“ஏழாம் நம்பர் நல்ல நிதானமா வாறாரு. அருமையா ஓட்டுறாரு. இப்ப நாலாவது இடம். பயப்பட ஒண்ணுமில்ல.”

அப்பா கவனிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து மேடைக்கு ஓடினேன். அவர் கண் அந்த வளைவில்தான் இருந்தது. அண்ணனை நாலு பேர் தூக்கி ஜீப்பில் ஏற்றுவதைப் பார்த்துக்கொண்டே, அவன் ஓட்டும் அழகைச் சொல்லிக்கொண்டிருந்தார். மேடையருகே நின்ற ஒருவர், “அண்ணாச்சிக்கு வட்டாயிட்டா, புத்தி பெரண்டுட்டா?” என்று பக்கத்து ஆளிடம் கேட்டார்.

“அப்பா, அண்ணன் விழுந்து கெடக்கான்!” என்று கத்தினேன்.

அவர் மைக்கை உள்ளங்கையால் பொத்தினார். “சத்தம் போடாதட்டி. அம்மைக்குக் கேக்கும்.”

கேட்டால் என்ன? மகன் கால் ஒடிந்து கிடப்பது பெற்றவளுக்குத் தெரிய வேண்டாமா? பென்சில் தொலைந்ததற்குப் பொய் சொன்னால் எனக்கு அடி விழும். இவர் ஊருக்கே பொய் சொல்லலாமா? அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. நாலாவதாக ஏழாம் நம்பர் வந்துவிட்டது என்று சொல்லி முடித்த பிறகுதான் மைக்கைப் போட்டார். மேடையிலிருந்து குதித்து ஓடி ஜீப்பில் ஏறினார். குழித்துறை ஆஸ்பத்திரிக்கு என்று யாரோ சொன்னார்கள். என்னை ஏற்றிக்கொள்ளவில்லை.

வீட்டுக்கு ஓடினேன். அந்தப் பொய்யை அம்மாவிடம் போட்டு உடைத்துவிட வேண்டும், அப்பா வந்ததும் அவள் பிடிபிடியென்று பிடிக்க வேண்டும். வழியெல்லாம் அதுதான் நினைப்பு.

அம்மா கதவைப் பூட்டிக்கொண்டிருந்தாள். சேலை மாற்றியிருந்தாள். கையில் ஒரு பை. அதில் அண்ணன் இடுப்பில் கட்டும் சாரம், துண்டு, வெந்நீர் பிளாஸ்க், அவளுடைய பிரஷர் மாத்திரை.

“எந்த ஆசுத்திரி?” என்றாள்.

“குழித்துறை. அம்மா, அப்பா பொய் சொன்னாவ!”

“தெரியும் மக்கா. அவனப் புகழத் தொடங்கினப்பமே அடுப்ப அணச்சிட்டேன். நட.”

அவ்வளவுதான். ஆட்டோவில் நான் நடந்தது முழுவதையும் சொன்னேன். அப்பாவை ஒரு வார்த்தை திட்டவில்லை அவள். இவளும் பொய்க்காரன் கட்சியா என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அண்ணன் கால் பிறகு சரியாகிவிட்டது. பிளேட் வைத்தார்கள், இப்போதும் வண்டி ஓட்டுகிறான். ஆனால் அன்று நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அவனை உள்ளே கொண்டுபோயிருந்தார்கள். அப்பா கவுண்டர் முன்னால் நின்றிருந்தார். உள்ளே இருந்த பெண் அவரிடம் நோயாளியின் பெயரும் வயதும் கேட்டுக்கொண்டிருந்தாள். அப்பா வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. அவள் மறுபடி கேட்டாள். மறுபடியும் உதடு மட்டும் அசைந்தது. அம்மா போய் அவர் பக்கத்தில் நின்று, அண்ணனின் பெயரையும் வயதையும் சொன்னாள்.

பொய் சொன்ன வெட்கத்தில்தான் அவருக்கு வாய் அடைத்துவிட்டது என்று நினைத்தேன். நன்றாக வேண்டும் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு, எட்டக் கிடந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தேன்.