ராக்காயி சேர்த்த மாத்திரைகள்

பூரணி டொக்டர் நுணுக்குக்காட்டியில் கண்ணை வைத்துவிட்டால் உலகம் அவருக்கு இல்லை. தேநீர் ஆறிப்போகும், தொலைபேசி அடித்து ஓயும். கண்டி ஆய்வுகூடத்தில் பதினொரு வருடமாக நான் அவருடைய உதவியாளர். திட்டியும் பார்த்துவிட்டேன், பிரயோசனமில்லை. ஒருநாள் என்னையும் பார்க்கச் சொன்னார். வெளிறிய இரத்த அணுக்கள், சில உடைந்தும் சில நடுவில் மட்டும் சிவந்தும் மிதந்துகொண்டிருந்தன. லிந்துலைப் பக்கம் காலைப் பனிக்குள் கொழுந்து பறிக்கிற பெண்கள் தெரிந்தும் தெரியாமலும் நிற்பதைப் போல இருந்தது.

"இதுக்குள்ள எங்கயாச்சும் எந்தம்பி இருப்பான்னு தோணும் இஷ்ரா," என்றார். ஒரு விஞ்ஞானி பேசுகிற பேச்சா இது? ஆனாலும் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தம்பி அழகனுக்கு இருந்தது தலசீமியா. தாயும் தகப்பனும் நோயில் ஆளுக்குப் பாதியைச் சுமந்துகொண்டு நன்றாகவே நடமாடுவார்கள். இரண்டு பாதியும் ஒரே பிள்ளையில் சேர்ந்தால் அதன் உடம்பில் இரத்தம் சரியாக ஊறாது. மாதாமாதம் ஏற்ற வேண்டும். ஏற்றுகிற இரத்தத்தோடு வரும் இரும்பு, போக வழியில்லாமல் இதயத்தில் படியும். அத்தை மகன், மாமன் மகள் என்று சொந்தத்துக்குள்ளேயே கட்டிக்கொள்ளும் லயங்களில், தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில், இந்தப் பாதிகள் எப்படிப் பரவுகின்றன என்பதுதான் டொக்டரின் இருபது வருட ஆய்வு. தலவாக்கலையிலிருந்து இறம்பொடை வரை, மழையில் நனைந்த தாள்களில் நாங்கள் எழுதாத வம்சம் இல்லை.

தோட்டத்தில் அந்த நோய்க்குப் பெயர், ரத்தம் பத்தாதது. கர்ப்பிணிகளுக்குக் கிளினிக்கில் இரும்புச்சத்து மாத்திரை கொடுப்பார்கள். குமட்டுகிறது என்று பெண்கள் விழுங்காமல் வைத்து, "அழகனுக்குக் குடுக்கா" என்று டொக்டரின் அம்மா ராக்காயியிடம் கொடுத்துவிடுவார்கள். ராக்காயி அதைப் பொடித்துக் கித்துள் கருப்பட்டியில் குழைத்து, ஒரு வேளை தப்பாமல் ஊட்டினார். லயமே சேர்ந்து வளர்த்த பிள்ளை. பன்னிரண்டு வயதில் இதயம் நின்றுபோனது.

அந்த மாத்திரைகளும் சேர்ந்துதான் அவனைக் கொண்டுபோயின என்று டொக்டருக்குப் பல்கலைக்கழகத்திலேயே புரிந்துவிட்டது. 'இந்தப் பிள்ளைகளுக்கு இரும்பு கொடுக்காதீர்கள்' என்று தோட்டம் தோட்டமாகச் சொன்னவர், தன் சொந்தத் தோட்டத்தில் மட்டும் சொல்லவில்லை. கேட்டால், "அடுத்த வருஷம் போவோம்" என்பார். எனக்குக் கோபம் கோபமாக வரும். அவர் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிடும்.

போன மார்ச்சில் ராக்காயி தொலைபேசியில் பேசினார். "பூரணி, நம்ம பக்கத்து வீட்டு வினோதா மக அழகன் மாதிரியே வெளுத்துக் கெடக்குது. அடுத்த மாசம் கண்டிக்குக் கூட்டிட்டு வரச் சொல்லிருக்காங்க. நீ கவலப்படாத, நான் வீடு வீடா மாத்திர சேத்துக் குடுத்துக்கிட்டு இருக்கேன்."

அன்றே கிளம்பினோம். பாதை முழுக்கப் பனி. மலையும் இல்லை, வானமும் இல்லை, வண்டி எங்கோ மிதந்து போவதைப் போலிருந்தது. எனக்கு அந்தப் பாதை முடியாமலே இருந்தால் போதும் என்றிருந்தது.

வீட்டில் ராக்காயி மாத்திரை டின்னை மடியில் வைத்திருந்தார். டொக்டர் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். அழகனைப் பற்றியும் சொன்னார். ராக்காயியின் கை டின்னின் மேலேயே இருந்தது.

"இது ஒனக்கு எப்பருந்து தெரியும்?"

"படிக்கிற காலத்துலருந்தே தெரியும்மா. சொன்னா நீ ஒடஞ்சி போயிருவன்னுதான்..."

"ஒடஞ்சிதான் போயிருப்பேன். இந்நேரம் அழுது முடிச்சிருப்பேன்." குரல் உயரவேயில்லை. "இந்தப் புள்ளைக்கி நாலு நாளா எங்கையால குடுத்துருக்க மாட்டேன்ல?"

நான் வாசல் பக்கம் திரும்பிக்கொண்டேன், அழுகை வந்துவிட்டது.

ராக்காயி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தார்.

"வா. லயத்துல எல்லாரையும் கூப்புடுறேன். அழகனுக்கு நான் குடுத்ததயும் சேத்துச் சொல்லு. நான் பக்கத்துலயே நிக்கிறேன்."