சோதனைச் சங்கு

கொல்லிமலையில் சோளக்காடு என்ற ஊரில் கம்ப்யூட்டர் படுத்துவிட்டால் யமுனாவைத்தான் கூப்பிடுவார்கள். மூடியைக் கழற்றும் முன் பெட்டியை முகர்ந்து பார்ப்பாள். கருகலோ, எலி மூத்திரமோ, எதுவானாலும் மூக்கு சொல்லிவிடும். சரிசெய்தபின் ஒருமுறை ஓட்டிக் காட்டாமல் கிளம்பமாட்டாள். அந்த நல்ல பழக்கம்தான் வினையாகப் போனது.

சரிவில் மண் நகர்ந்தால் கீழூருக்குச் சங்கு ஊதி எச்சரிக்கும் கம்ப்யூட்டர் ஒன்று மேட்டிலிருந்த அறையில் இருந்தது. கீழூரில்தான் யமுனாவின் வீடு. அம்மா பாப்பாத்தி பகலெல்லாம் அங்கே தனியாக இருப்பாள். இந்த வருஷம் தை பிறந்தும் மழை விடவில்லை. மழை பிடித்தால் அந்தக் கம்ப்யூட்டர் தானாக அணைந்தது. வெயிலடித்ததும் யமுனா போவாள். அதற்குள் அது சமர்த்தாக ஓடிக்கொண்டிருக்கும். எதையாவது மாற்றிவிட்டு, சங்கை ஊதிப் பார்த்துவிட்டு வருவாள். "நம்ம யமுனா ரிப்பேர் பண்ணிட்டா" என்று கீழூரே பெருமைப்பட்டுக்கொள்ளும்.

அன்று மழை கொட்டும்போதே போனாள். அது அணைந்து கிடக்கும்போதே பார்த்துவிட நினைத்தாள். அறையைப் பார்த்துக்கொள்ளும் சின்னுசாமி, கருத்துக் கிடந்த திரையைக் காட்டினார். முகர்ந்தாள். மிளகு வாசனை. கொல்லிமலையில் மிளகு மணக்காத அறை ஏது என்று முன்பெல்லாம் விட்டிருந்தாள். இன்று நெடி மூக்கில் ஏறியது. பெட்டியின் பின்னால் கைவிட்டாள். காற்றுப்போகும் துளைகளை அடைத்துக்கொண்டு ஒரு மிளகுச் சாக்கு. பெட்டி கொதித்தது.

"என்னங்கண்ணா இது?"

"மழைல காயமாட்டேங்குது கண்ணு. இங்க நல்லா அனல் அடிக்குது, அதான் வெச்சேன். வெயில் வந்தா வெளிய போட்டுருவேன்."

சூடு தாங்காமல்தான் இத்தனை நாளும் அணைந்திருக்கிறது. பாவி மனுஷன்! சாக்கை இழுத்தெறிந்து, மூடியைக் கழற்றி விசிறினாள். சூடு தணிந்ததும் கம்ப்யூட்டரைப் போட்டாள்.

திரை முழுக்கச் சிவப்பு. சங்குப் பொத்தானை அவள் தொடவேயில்லை. சங்கு ஊதியது.

சின்னுசாமிக்கு முகமெல்லாம் சிரிப்பு. "அப்பாடா, வேலை செய்யுது கண்ணு!"

யமுனா அம்மாவுக்குப் போன் போட்டாள். "அம்மா, ஊட்ட விட்டு ஓடு! சங்கு ஊதறது கேக்கலையா?"

"கேட்டுச்சு கண்ணு. ரிப்பேர் பண்ணிட்டயாட்ட இருக்குது? பக்கத்தூட்டுலயும் அதையேதான் சொல்றாங்க. அடுப்புல சோறு கொதிக்குது, வந்து சாப்பிட்டுட்டுப் போ."

"நான் ஊதலைம்மா! அதுவா ஊதுது!"

லைன் அறுந்துபோயிருந்தது.