தாவீது காத்துக்கினு இருந்த கம்ப்யூட்டர்

தாவீது பென்னலூர்க்காரன். பம்ப் கம்பெனில ஸ்டோர்ஸ்ல வேல பாத்தான். கேட்டுக்குள்ள எந்த சாமான் வந்தாலும் அவன் கைய தாண்டி தான் போவணும். நாற்காலியோ, ஃபேனோ, குப்பக்கூடையோ, வெள்ள பெயிண்ட்ல நம்பர் போட்டு தான் உள்ள அனுப்புவான். நல்ல வேலக்காரன். வாய் தான் சும்மா இருக்காது.

தொண்ணூறுல போனஸ் தகராறு வந்துச்சு. கேட்டாண்ட நின்னு நோட்டீஸ் குடுத்தவங்க நெறைய பேரு. ஆனா சூப்பர்வைசர் மூஞ்சிக்கு நேரா நீட்டுனவன் தாவீது ஒருத்தன் தான். "படி சார், உனுக்கும் சேத்து தான் கேக்கறோம்"ன்னு வேற சொல்லிட்டான். அன்னிக்கே சஸ்பெண்டு. கொஞ்ச நாள்ல டிஸ்மிஸ்.

சங்கம் லேபர் கோர்ட்ல கேஸ் போட்டுச்சு. சங்கத் தலைவரு பாண்டுரங்கன், மெஷின் ஷாப்ல டர்னர். நல்லா பேசுவாரு. பஸ் ஸ்டாண்டாண்ட கூட்டம் போட்டு, தாவீத மேடைல ஏத்தி, தோள் மேல கை போட்டுக்கினு மைக்ல சொன்னாரு: "இவன உள்ள கூட்டிக்கினு போவாம நான் அந்த கேட்ட தாண்ட மாட்டேன்." கூட்டம் கை தட்டிச்சு. தாவீது அழுதுட்டான். மறுநா காலைல ஷிப்டுக்கு பாண்டுரங்கன் கேட்ட தாண்டி தான் போனாரு. மேடைல பேசறத அப்பிடி எடுத்துக்கக்கூடாதுன்னு எல்லாருக்கும் தெரியும். தாவீதுக்கு தெரியல.

கேஸ் முடியற வரைக்கும் சங்க ஆபீஸ்ல இருன்னாங்க. பஜார்ல சைக்கிள் கடைக்கு மேல ஒரு ரூம்பு. சங்கம் கைச்செலவுக்கு குடுக்கும். மிச்சத்த பொண்டாட்டி கிளியம்மா பாத்துக்குவா. அவ ஸ்ரீபெரும்புதூர்ல ஒரு நர்சிங் ஹோம்ல ஆயா.

ஆபீஸ்ல தாவீதுக்கு நோட்டீஸ் அடிக்கற வேல. தமிழ் டைப்ரைட்டர்ல ஸ்டென்சில் பேப்பர போட்டு அடிக்கணும், அப்புறம் ரோலர்ல மை தடவி ஓட்டணும். வளஞ்ச எழுத்து எல்லாம் ஸ்டென்சில பொத்துக்கினு வுழும். 'ஒற்றுமை'ன்னு அடிச்சா மொத எழுத்து எப்பவும் மைக்கறையா தான் வரும். கைல மை, சட்டைல மை, சாப்பாட்டுலயும் மை வாசன.

அடுத்து வந்த தை மாசத்துல ஒரு நாளு பாண்டுரங்கன் கூட மெட்ராஸ் போனான். அங்க வேற ஒரு சங்கத்து ஆபீஸ்ல கம்ப்யூட்டர் இருந்துச்சு. ஒரு பொண்ணு தமிழ்ல அடிக்குது. தப்பா அடிச்சா ஒரு பட்டன அமுக்குது, அழிஞ்சி போவுது. ரிப்பன கழட்டிட்டு பிரிண்டர்ல ஸ்டென்சில் பேப்பர சொருவுது. கிர்ர்ர்னு ஒரே சத்தம். எடுத்து வெளிச்சத்துல புடிச்சி பாத்தான். ஒரு எழுத்து கூட பொத்துக்கல.

திரும்பி வர பஸ்ல தாவீது ஜன்னல் கம்பிய புடிச்சிக்கினு வெளியவே பாத்துக்கினு வந்தான்.

"இன்னாடா, பேயடிச்சா மாதிரி வர்ற?"ன்னு பாண்டுரங்கன் கேட்டாரு.

"ணா, நம்மகிட்ட ஒண்ணு இருந்துச்சின்னா, என் கேஸ் சமாச்சாரத்த ஒரே நாள்ல அடிச்சி படப்பை வரைக்கும் அத்தினி கம்பெனி கேட்லயும் குடுத்துரலாம் ணா. எல்லா சங்கமும் எழுந்து நிக்கும். அப்ப மேனேஜ்மெண்டு இன்னா பண்ணுவான்?"

"அவ்ளோ ஆசையா உனுக்கு?"

"ஆமா ணா."

பாண்டுரங்கன் அவன ஒரு மாதிரி பாத்தாரு. "சரி, வாங்கிருவோம்"ன்னாரு.

சொன்னா மாதிரி ஜெனரல் பாடில வெச்சாரு. ஆளுக்கு ஒரு நாள் ஓவர்டைம் துட்டு, அதான் ஓட்டி, கம்ப்யூட்டருக்குன்னு தீர்மானம். ஒருத்தனும் எதுத்து பேசல. பங்குனில வந்து, "புக் பண்ணியாச்சு தாவீது. பார்ட்ஸு சிங்கப்பூர்லேந்து வரணுமாம். வந்துரும்"ன்னாரு.

அன்னிலேந்து தாவீதுக்கு வேற நெனப்பு இல்ல.

ரூம்ப வெள்ளையடிச்சான். கம்ப்யூட்டருக்கு தூசி ஆவாதுன்னு கேள்விப்பட்டு, ஜன்னல் கம்பில பாலித்தின் கட்டுனான். செருப்ப வெளில வுடணும்னு ஒரு அட்டைல எழுதி, மிஷின் வர்றதுக்கு முன்னாடியே மாட்டிட்டான். காலி ரூம்புக்கு செருப்ப கழட்டிட்டு வர்றவன் எல்லாம் சிரிச்சான். பலராமன்னு கூட்டாளி, கம்பெனில பேட்டர்ன் ஷாப் ஆசாரி, பெரிய மேஜ ஒண்ணு இழைச்சி குடுத்தான். தாவீது கூட நின்னு நோட்டீஸ் குடுத்தவன் தான் அவனும். வூட்டுல கிளியம்மாவோட பூப்போட்ட சீலைய எடுத்து உறை தெச்சிக்கினு இருந்தப்ப அவ பாத்துட்டா.

"யோவ், எனுக்கு ஒரு சீல எடுத்து குடுக்க துப்பில்ல. என் சீலைய கொண்டும்போய் மிஷினுக்கு கட்றியா?"

"கேஸ் ஜெயிச்சதும் எடுத்து தரேன்மே."

"கேஸ் இன்னா ஆச்சி?"

"வாய்தா."

"எப்ப கேட்டாலும் வாய்தா. நீ ஒரு தபா கோர்ட்டுக்கு நேர்ல போய் பாரேன்யா."

"அண்ணன் போய்க்கினு தான கீறாரு. நான் இன்னாத்துக்கு?"

"உன் கேஸ்யா அது."

"சங்கத்து கேஸு"ன்னான் தாவீது. பெருமையா தான் சொன்னான்.

மே மாசம் ஸ்ரீபெரும்புதூர் எலெக்சன் கூட்டத்துல குண்டு வெடிச்சதுக்கப்புறம் எங்க பாத்தாலும் போலீஸ். பஸ்ஸ நிறுத்தி மூட்டைய பிரிக்கறான், லாரிய நிறுத்தி பெட்டிய பிரிக்கறான். தாவீது தெனமும் பார்சல் ஆபீசுக்கு நடந்தான். கம்ப்யூட்டர் பெட்டிய பிரிக்கறேன்னு ஒடச்சிட்டா? டீக்கடை சுப்பன் வேற வுடல.

"டேய், ஊரு கீற நெலமைல ஒயர் வெச்ச பெட்டி வருதான்னு கேட்டுக்கினு திரியறியே. மொதல்ல உன்ன தான் தூக்கினு போவப்போறான்."

"கம்ப்யூட்டர்டா அது."

"அத அவன்கிட்ட சொல்லு. லாட்டியால கேப்பான்."

பார்சல் ஆபீஸ்ல புக்கிங் பாக்கற கண்ணப்பனுக்கு தாவீதோட நடைய கேட்டாலே எரிச்சல். "வந்தா சொல்ல மாட்டனா? உன் பொண்டாட்டி பிரசவத்துக்கு கூட இந்த நட நடந்திருக்க மாட்டய்யா!" மழ வந்தா தாவீது ரோட்ட பாப்பான், லாரிக்கு தார்ப்பா போட்டிருப்பானான்னு. கரண்ட் கட்டானா, ஸ்டெபிலைசர் தாங்குமான்னு சைக்கிள் கடைல கேப்பான். அவங்களுக்கு இன்னா தெரியும்? தாங்கும்பாங்க.

பாண்டுரங்கனாண்ட ரெண்டு கேள்வி தான் கேப்பான். கம்ப்யூட்டர் எப்ப வரும் ணா. தீர்ப்பு எப்ப வரும் ணா. ரெண்டுக்கும் ஒரே பதில்: "வந்துரும்டா."

நடுவுல ஆடில ஒரு நாளு வெள்ள பேப்பர நீட்டி கையெழுத்து கேட்டாரு. வக்கீலுக்காம். சங்கத்துக்கு வெறும் பேப்பர்ல கையெழுத்து போடறது தாவீதுக்கு புதுசு இல்ல. அந்த காலத்துல எல்லாரும் போட்டாங்க. இன்னாத்துக்குன்னு கேட்டா சங்கத்த நம்பலன்னு அர்த்தம். போட்டான்.

ஆவணில ஒரு ஞாயித்துக்கெழம மத்தியானம், சைக்கிள் கடை வாசல்ல டெம்போ வந்து நின்னுச்சு. பாண்டுரங்கன் முன்னாடி சீட்லேந்து எறங்குனாரு. பின்னால அட்டப்பொட்டி.

தாவீது படிய தாவி தாவி எறங்குனான். யாரையும் தொட வுடல. ஒவ்வொரு பொட்டியா நெஞ்சோட அணைச்சிக்கினு மேல ஏத்துனான். விஷயம் பரவி ஆளுங்க சேந்துட்டாங்க. பாண்டுரங்கன் தேங்கா ஒடச்சி, மானிட்டர் நெத்தில குங்குமம் வெச்சாரு. தாவீது ஒரு ஓரமா நின்னு சிலுவ போட்டுக்கினான். கூட வந்த மெக்கானிக் ஒயர் எல்லாம் சொருவி, எத அமுக்கணும்னு காட்டிட்டு போனான்.

"டேய், என் பேர அடி. என் பேர அடி"ன்னு ஒரே கூச்சல். எல்லார் பேரையும் அடிச்சான். ஒவ்வொருத்தனும் தன் பேர திரைல பாத்து வாய பொளந்தான். கடைசியா தாவீது தன் பேர அடிச்சான். பக்கத்துலயே 'ஸ்டோர்ஸ்'ன்னும் அடிச்சான்.

"இன்னும் ஸ்டோர்ஸ் தானாடா?"ன்னு எவனோ கிண்டல் பண்ணான்.

"பின்ன?"ன்னான் தாவீது.

எல்லாரும் கெளம்புனாங்க. பாண்டுரங்கன் டீ குடிக்க எறங்குனாரு. தாவீது தனியா ஒக்காந்து பாத்துக்கினே இருந்தான். மானிட்டருக்கு கீழ கீற பெட்டி லேசா ஆடுச்சு. அடில ஒரு ரப்பர் கால் இல்ல போல. அட்டைய மடிச்சி முட்டு குடுக்கலாம்னு மானிட்டர எறக்கி வெச்சிட்டு பெட்டிய சாச்சான்.

அடில வெள்ள பெயிண்ட்ல நம்பர்.

கம்பெனி நம்பர் எப்பவும் பின்பக்கம் தெரியறா மாதிரி தான் இருக்கும். ஆனா அத தின்னர் போட்டு தொடச்சிட்டு ரெண்டு ஃபேன திருடிக்கினு போனானுங்க ஒரு தபா. அதுலேந்து அடிலயும் ஒண்ணு போடற பழக்கத்த கொண்டு வந்தவனே தாவீது தான். அது ஸ்டோர்ஸ் ஆளுங்கள தவிர யாருக்கும் தெரியாது. பெட்டிய திருப்பி பின்பக்கம் பாத்தான். ஒரு எடம் மட்டும் பளபளன்னு இருந்துச்சு. மோந்து பாத்தான். தின்னர் வாசன.

அவன் எடத்துல இப்ப வேல செய்யறவன், பாவம், சொல்லிக்குடுத்தத ஒழுங்கா செஞ்சிருக்கான்.

பாண்டுரங்கன் பல்ல குத்திக்கினே மேல வந்தான்.

"ணா, இது எங்கேந்து வந்துச்சி?"

"மெட்ராஸ்லேந்து. ஏன்?"

"மெட்ராஸ்லேந்து மொதல்ல எங்க வந்துச்சி ணா?"

"இன்னாடா கேக்கற?"

"அடில நம்பர் கீது."

பாண்டுரங்கன் பல்லு குத்தறத நிறுத்துனான். "அடில கூடவா போடுவீங்க?"

சொன்னதுக்கப்புறம் தான் இன்னா சொன்னோம்னு அவனுக்கே தெரிஞ்சிது. நாற்காலிய இழுத்து போட்டு ஒக்காந்தான்.

"கேளு தாவீது. புது அக்ரிமெண்ட்டு வெள்ளிக்கெழம கையெழுத்தாவுது. எல்லாருக்கும் சம்பளம் ஏறுது. நல்ல ஏத்தம். இந்த ஏரியா கம்பெனிலயே எவனும் வாங்கல. அதுக்கு மேனேஜ்மெண்டு கேட்டது ஒண்ணே ஒண்ணு தான்."

"இன்னா கேட்டான்?"

"உனுக்கு தெரியும்."

"நீ சொல்லு ணா."

"உன் கேஸ் வேணாம்னான்."

தாவீது சாச்சி வெச்ச பெட்டிய நிமித்தி வெச்சான்.

"உன் ஒருத்தனுக்காக அத்தினி பேர் வயித்துல அடிக்க சொல்றியா? உன்ன தெருவுலயா வுட்டேன்? இந்த மிஷின யாரு ஓட்டறது? நீ தான். சங்கத்துல மாச சம்பளம், ஆப்பரேட்டர். இது வேணும்னு நான் தான் அவன்கிட்ட கேட்டு வாங்குனேன். பஸ்ல நீ ஆசப்பட்டியேன்னு."

"ஆளுங்க குடுத்த ஓட்டி துட்டு?"

"சங்கத்துல கீது. எங்க போவுது?"

"கேஸ் என்னுது ணா. நான் வாபஸ் வாங்கல."

"வாங்கிட்ட. ஆடில கையெழுத்து போட்டியே."

தாவீது அவன அடிக்கல. அடிச்சிருக்கணும்னு இன்னிக்கும் சொல்றவங்க கீறாங்க. கை எழும்பல அவனுக்கு. "தோள் மேல கை போட்டியே ணா"ன்னு மட்டும் கேட்டான். பாண்டுரங்கன் ஜன்னல் பாலித்தின பாத்துக்கினு இருந்தான்.

மிஷின தொடாம, பழைய டைப்ரைட்டர எறக்கி, அன்னிக்கி சாயங்காலமே நோட்டீஸ் அடிச்சான் தாவீது. அலங்காரம் ஒண்ணும் இல்ல. கம்ப்யூட்டர் எங்கேந்து வந்துச்சு, எதுக்கு பதிலா வந்துச்சு, யாரு பேசுனாங்க. அவ்ளோ தான். காலைல மொத ஷிப்டுக்கு கேட்டாண்ட நின்னான்.

வாங்குனாங்க. வாங்காதவன் எவனும் இல்ல. நடந்துக்கினே படிச்சாங்க. மடிச்சி டிபன் பைல சொருவிக்கினு உள்ள போனாங்க. நின்னு ஒரு வார்த்த கேட்டவன் இல்ல. பலராமன் வந்தான். தாவீது அவன் கைய புடிச்சி நிறுத்துனான்.

"படிடா."

"தெரியும்டா"ன்னான் பலராமன்.

"இன்னா தெரியும்?"

"கமிட்டில பேசுனாங்க. யாரும் உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னு அண்ணன் சொல்லிட்டாரு. அரியர்ஸ் வருது தாவீது. என் பொண்ணு கல்யாணம் நிக்குது. இது முடியட்டும், உன் விஷயத்த அப்புறமா கைல எடுப்போம்."

"மேஜ செய்யும்போதே தெரியுமா?"

சங்கு ஊதிச்சு. பலராமன் கைய உருவிக்கினு ஓடுனான். லேட்டானா அர நாள் சம்பளம் போயிரும்.

வெள்ளிக்கெழம கையெழுத்தாச்சு. கேட்டாண்ட பட்டாசு வெடிச்சாங்க, லட்டு குடுத்தாங்க. பாண்டுரங்கன் மச்சான் ஒருத்தன் கம்ப்யூட்டருக்கு ஆப்பரேட்டரா வந்து ஒக்காந்தான். மொத நோட்டீஸே, சங்கத்த ஒடைக்கற கறுப்பாடுங்கன்னு தாவீத பத்தி தான். எழுத்து ஒண்ணு கூட பொத்துக்கல.

தாவீது வூட்டுல படுத்தே கெடந்தான். கிளியம்மா திட்டல. நர்சிங் ஹோம்ல லீவு சொல்லிட்டு வந்து, "எழுந்து சட்டைய போடுய்யா"ன்னா. ரெண்டு பேரும் மெட்ராஸ் பஸ் ஏறி, விசாரிச்சி விசாரிச்சி, ஐகோர்ட் பக்கத்துல ஒரு வக்கீல் ரூம்ப கண்டுபுடிச்சாங்க.

வக்கீல் எல்லாத்தையும் கேட்டுக்கினாரு. "எந்த சங்கம் நடத்துது?"ன்னாரு.

"சங்கம் இல்ல சார். நான் தான்."

வக்கீல் பேனாவ கீழ வெச்சாரு. "வாபஸ் வாங்குன கேஸ். பின்னால சங்கமும் இல்லன்னா ரொம்ப கஷ்டம்ப்பா."

தாவீது தலைய குனிஞ்சிக்கினான். கிளியம்மா பெஞ்சு நுனிக்கு நகந்து ஒக்காந்தா.

"கஷ்டம்னு தெரிஞ்சி தான் சார் வந்துகீறோம். இன்னா செய்யணும்னு சொல்லு."