எடைப் பதிவேட்டில் இல்லாத கட்டம்

சத்துணவு அமைப்பாளர் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும்: ஊர்ப் பிள்ளை இளைத்தாலும் நம்மைத்தான் கேட்பார்கள், பெருத்தாலும் நம்மைத்தான் கேட்பார்கள். தமிழ் இலக்கியம் படித்துவிட்டு, மரக்காணம் பக்கத்துப் பள்ளியொன்றில் அரிசியும் பருப்பும் அளந்த எனக்கு, இரண்டாவது கேள்வி வேலையின் கடைசிக் காலத்தில்தான் வந்தது.

கட்டம்

சுனாமிக்கு அடுத்த வருஷம். எடை பார்க்க நர்ஸ் வந்திருந்தார். ஒல்லிப் பிள்ளைகளையே தாங்கிப் பழகிய எடை மெஷினில் ஐந்தாம் வகுப்பு ரேவதி ஏறினாள். முள் போய் நின்ற இடத்தைப் பார்த்து மற்ற பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. பள்ளியின் மூன்று படி ஏறி வந்ததற்கே இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

பதிவேட்டில் சரியான எடை, குறைவு, மிகக் குறைவு என்று மூன்றே கட்டங்கள். நர்ஸ் பேனாவைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார்.

"இவள எங்க எழுதறது டீச்சர்? குண்டுக்குக் கட்டமே போடலியே."

இரண்டாம் கரண்டி

இப்படியே போனால் சின்ன வயசிலேயே சர்க்கரை வரும், சாப்பாட்டைக் குறையுங்கள் என்றார் நர்ஸ் அனுப்பிவைத்த ஆஸ்பத்திரி டாக்டர். யார் குறைப்பது? மதியம் எங்கள் சோறு. வீட்டில் நிவாரண லாரியில் வந்த பிஸ்கட். சாயங்காலம், உப்பளத்து வேலை முடிந்து வரும் அம்மா அஞ்சலை வாங்கி வரும் போண்டா. நீங்களும் பட்டிருப்பீர்கள், பள்ளி வீட்டைக் கை காட்டும், வீடு பள்ளியைக் கை காட்டும்.

ரேவதிக்கு இரண்டாம் முறை சோறு போட வேண்டாம் என்று சமையல் செய்யும் கஸ்தூரியிடம் சொன்னேன். அவள் கரண்டியை என் பக்கம் நீட்டினாள்.

"தட்ட நீட்டற புள்ளகிட்ட இல்லன்னு சொல்ல எனக்கு வாய் வராது. நீங்களே வந்து சொல்லுங்க டீச்சர்."

எனக்கும் வரவில்லை.

கனம்

அஞ்சலையிடமே பேசிவிடலாம் என்று உப்பளத்துக்குப் போனேன். வெயிலில் கண் கூசியது. எண்ணெய், சர்க்கரை, கொழுப்பு என்று வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போனதை வரப்பில் நின்று ஒப்பித்தேன். அவள் உப்பு வாருவதை நிறுத்தாமல் கேட்டாள். ரேவதியின் தம்பியை அலை கொண்டுபோனது எனக்குத் தெரியும். அதற்கும் இதற்கும் உள்ள தொடர்பு தெரியாது.

"சின்னவன் பஞ்சாட்டம் இருந்தான் டீச்சர், தூக்கிக்கினு போயிடுச்சி. இவ கொஞ்சம் கனம், நின்னுட்டா. இன்னும் கனமா இருந்தா, அடுத்த தபா அசைக்க முடியாதில்ல?"

நான் வந்த வரப்பிலேயே திரும்பி நடந்தேன்.

முட்டை

அஞ்சலை சொன்னதை நான் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால், கனமா இருந்தாதான் நிப்ப என்று சொல்லிச் சொல்லியே அம்மா ஊட்டியதில், ரேவதிக்குக் காரணம் தெரிந்தே இருந்தது. முட்டை போடும் நாளில் ஒருமுறை, அவள் தன் முட்டையைத் தின்னாமல் பைக்குள் வைப்பதைப் பார்த்தேன். பள்ளி விட்டதும் உப்பளத்துப் பக்கம் நடந்தாள். பின்னாலேயே போனேன்.

அம்மா வேலை செய்துகொண்டிருந்த பாத்தியில், முற்றிய உப்புத் தண்ணீரில், அவித்த முட்டையை ஓடு உரிக்காமல் போட்டாள். அது முங்கி, மேலே வந்து, வெள்ளையாக ஆடிக்கொண்டு நின்றது.

"கனமாதாம்மா இருக்குது. அப்பவும் மெதக்குது பாரு. அன்னிக்கு நான் கொடிக்கம்பத்தக் கட்டிப் புடிச்சிக்கினு இருந்தேன். அதான் போவல."

அலை வந்த நாளைப் பற்றி அந்த வீட்டில் அதுவரை யாரும் வாய் திறந்ததில்லை. அஞ்சலை முட்டையைப் பார்த்தாள். பிறந்ததிலிருந்து அந்தத் தண்ணீரில் நிற்பவள். அதில் எது மிதக்கும் என்று அவளுக்குத் தெரியாதா? பிறகு குனிந்து எடுத்தாள், ஓட்டை உரித்தாள், இரண்டாகப் பிட்டாள். ஒரு பாதியை மகளிடம் கொடுத்துவிட்டு, மறு பாதியைத் தன் வாயில் போட்டுக்கொண்டாள். அந்தப் பெண் தனக்கென்று எதையும் தின்று நான் பார்த்ததில்லை. பிறகு வரப்பில் நின்ற என் பக்கம் திரும்பினாள்.

"ஸ்கூல்ல இவள ஓட உடுங்க டீச்சர். வூட்டுல நான் பாத்துக்கறேன்."

பிள்ளைகளின் சாப்பாடு பற்றி அத்தனை வருஷம் நான் ஊருக்குச் சொன்ன புத்திமதிகளில், மிதந்தது அந்த முட்டை ஒன்றுதான். அதுவும் நான் போட்டதில்லை.