கிளேட்டனில் ஆனி மழை

"…ஆவணி பிறக்கட்டும், பிறகு கூரையைப் பாப்பம் எண்டு ஊர்க்கணக்குச் சொன்னது நீங்கள்தானே? இஞ்ச மாரி ஆனியிலயே வந்திட்டுது!"

மெல்பேர்ன், கிளேட்டனில் ஓர் ஓட்டு வீட்டின் பின்புறம். கணவரின் நீளக் காற்சட்டையை மாட்டிக்கொண்டு பேசுகிறவர் பத்மா. கேட்டுக்கொண்டு நிற்பவர் அவர் கணவர் சிவம், என் பழைய நண்பர். கூரை விளிம்பில் மழைநீர் ஓடும் பீலியைத் துப்புரவாக்கப் போன வாரம் மழைக்குள் ஏறி, வழுக்கி விழுந்தவர், வலக்காலில் மாவுக்கட்டு.

பீலியை இன்னும் யூகலிப்டஸ் இலைகள் அடைத்துக் கிடக்கின்றன. வழியில்லாத தண்ணீர் உள்ளே திரும்பியதில், குழந்தையின் அறைக் கூரைத்தட்டு ஊறி வயிறு தள்ளி நிற்கிறது. தொட்டிலைக் குசினிக்குள், சாப்பாட்டு மேசையோரம் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். இன்னொரு மழைக்குத் தட்டு தாங்காது. மேற்கே மறுபடியும் கருக்கிறது.

'வெள்ளம் வருமுன் அணை போடு' என்பது என் நாக்கு நுனிவரை வருகிறது. விழுங்கிவிட்டு, "நான் ஏறட்டுமா?" என்கிறேன்.

"விருந்தாளியைக் கூரையில ஏத்தின குடும்பம் எண்ட பேர் எங்களுக்கு வேண்டாம், அண்ணை."

சிவம் சிரிக்கவில்லை. "நான் விழுந்த இடம் அது, பத்மா. நீர் ஏறவேண்டாம்."

"விழுந்த ஆளுக்குத்தானே தெரியும், எந்த ஓடு வழுக்கும் எண்டு. சொல்லுங்கோ."

அவர் கூரையைப் பார்க்கிறார். பிறகு தரையைப் பார்க்கிறார். "பீலிக்கு மேல ரெண்டாவது வரி. பாசி பிடிச்சிருக்கு. அதில கால் வைக்காதேயும்."

"ஓம்" என்கிறார் பத்மா. செருப்பைக் கழற்றுகிறார். சிவத்தின் இரண்டு கைகளும் ஏணியைப் பற்றும்வரை காத்து நின்றுவிட்டு, ஏறுகிறார்.