காப்புறுதியைக் காப்பு என்று நினைத்தேன்

எனக்கு எண்பத்தொரு வயது. ஆறு பிள்ளைகளை வளர்த்தேன். ஆறு பேரும் சொந்தக் காலில் நின்று சாப்பிடுகிறார்கள். யார் வாசலிலும் போய் நிற்கிற நிலைமையை எனக்கு ஒருத்தரும் வைக்கவில்லை. ரப்பர்த் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பு முடித்ததும் பால் வாளி தூக்கப் போய்விட்டவள் நான். அதனால் எழுத்து மெதுவாகத்தான் வரும். ஒரு வரி எழுதிவிட்டு வெளியே மலையைப் பார்ப்பேன். பிறகு அடுத்த வரி. என்னை யாரும் அவசரப்படுத்த முடியாது.

எழுதப் போவது இன்சூரன்ஸ் எடுத்த கதை. சிரிக்காதீர்கள். என் கல்யாணத்தை அப்பா முடிவு செய்தார். எந்த நிரை மரத்தில் பால் வெட்ட வேண்டும் என்பதை வேலையை மேய்க்கிற தண்டல் முடிவு செய்தார். நானாக யோசித்து, இதுதான் வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்டது அந்த ஆஸ்பத்திரி இன்சூரன்ஸ் ஒன்றைத்தான்.

மலேசியாவில் பீடோருக்கு உள்ளே இருந்த எங்கள் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றுவிட்டார்கள். எழுபதுகள் முடிந்து எண்பது பிறந்த சமயம் அது. நாங்கள் ஈப்போவுக்கு வந்து பலகை வீடு ஒன்றில் வாடகைக்கு இருந்தோம். என் வீட்டுக்காரருக்கு மரக்கடையில் ஜாகா வேலை, அதாவது காவல். வீட்டுக்குப் பின்னால் சுண்ணாம்பு மலை. காலையில் பனி இறங்கினால் மலைக்கு அடி இருக்காது, உச்சி மட்டும் வெள்ளையில் மிதக்கும். துணி காயப்போட வந்தவள் அப்படியே நின்றுவிடுவேன். தோட்டத்தில் மரத்துக்கு மரம் பார்த்தே பழகிய கண். அவ்வளவு பெரிய ஒன்று சும்மா நிற்பதை அதற்கு முன் பார்த்ததில்லை.

நாங்கள் இரண்டு பேரும் சிவப்பு அடையாளக் கார்டு. இந்தியாவில் பிறந்து வந்து, பிரஜை ஆகாதவர்களுக்கு அந்த நிறம். இங்கே பிறந்த ஆறு பிள்ளைகளுக்கும் நீலம். ஒரே கூரைக்குக் கீழே, ஒரே சட்டிக் குழம்பைச் சாப்பிட்டுக்கொண்டு, நாங்கள் இரண்டு பேர் மட்டும் வெளிநாட்டுக்காரர்கள். 

அந்த வெளிநாடு எனக்கு எப்படித் தெரியும்? இந்தியா என்றால் ஒரு ஆடு ஞாபகம் வரும். வெள்ளை ஆடு. மழையில் நனைந்துகொண்டு என்னையே பார்த்து நின்றது. யார் வீட்டு ஆடு, எந்த ஊர், ஒன்றும் தெரியாது. கனவில் பார்த்ததாகவும் இருக்கலாம். என் வீட்டுக்காரர் அப்படியில்லை, மீசை அரும்பிய பிறகு கப்பல் ஏறியவர். சேலத்துப் பக்கம் அவர் ஊர்க் கிணறு, கிணற்றுக்குப் போகிற வழியில் இருக்கிற புளியமரம், அண்ணனுடைய நிலம், எல்லாம் நேற்றுப் பார்த்த மாதிரி சொல்வார். சொல்லும்போது அவருக்கு இரைப்புக்கூட அடங்கிவிடும்.

தோட்டத்தில் இருந்தவரை உடம்புக்கு வந்தால் தோட்டத்து ஆஸ்பத்திரி. டிரசர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு மருந்து கொடுப்பார். காய்ச்சலுக்கும் அதே சிவப்புத் தண்ணி, வயிற்று வலிக்கும் அதே சிவப்புத் தண்ணி. ஆனாலும் ஒரு ஆள் இருந்தார். ஈப்போவில் அந்த ஆள் இல்லை. மூன்றாவது மகளுக்கு அப்போது ரேடியோச் சாமான் செய்கிற தொழிற்சாலையில் கணக்கு எழுதுகிற கிராணி வேலை. அவள்தான் பேச்சை எடுத்தாள்.

“அப்பாவுக்கு இழுக்குது. உனக்கு அடிக்கடி வயித்த வலி. பெரிசா ஏதாச்சும் வந்தா யாரு இருக்கா? இன்சூரன்ஸ் எடுங்க. மாசாமாசம் நான் கட்டிடறேன்.”

அவள் சொல்லி ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏஜெண்டு ஒருத்தர் வந்தார். தமிழர், டை கட்டியிருந்தார், வானொலியில் செய்தி வாசிக்கிற மாதிரி பேசினார். அதே நேரத்துக்கு என் வீட்டுக்காரரும் தனக்குத் தெரிந்த ஏஜெண்டு ஒருத்தரை வரச் சொல்லிவிட்டார். அவர் பீடோரில் எங்களுக்கு அரிசி பருப்பு கொடுத்த கடை முதலாளி தவுக்கேயின் மகன். சீனர்தான், ஆனால் தோட்டத்துப் பிள்ளைகளோடு கோலி விளையாடி வளர்ந்தவர். இரண்டு ஏஜெண்டும் ஒரே பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்தார்கள். நான் காப்பி கலக்கிக் கொடுத்தேன்.

டை கட்டியவர் தொண்டையைச் செருமினார். “அம்மா, காப்புறுதி செய்துகொண்டால் பிற்காலத்தைப் பற்றிக் கவலை வேண்டாம்.”

அந்தச் சொல்லை நான் முதல் தடவையாகக் கேட்கிறேன். காப்பு என்பது மட்டும் காதில் விழுந்தது. தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியவளுக்குக் காப்பு என்றால் வேறு என்ன? மஞ்சள் துண்டு முடிந்த நூலைப் பூசாரி மணிக்கட்டில் கட்டுவார். கட்டிவிட்டால் கவிச்சி கிடையாது. திருவிழா முடிகிறவரை தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது. ஆத்தா பார்த்துக்கொள்வாள். இவரும் உடம்பைக் காக்கத்தானே வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

“எப்ப கட்டுறீங்க? வெள்ளிக்கிழமைன்னா நல்லது,” என்றேன். “கவிச்சி எத்தனை நாளைக்கு விடணும்?”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். “எதைக் கட்டுவது, அம்மா?”

“காப்புதான்.”

சீனருக்குப் பளிச்சென்று புரிந்துவிட்டது. காப்பியைச் சிந்திக்கொண்டு சிரித்தார். “அக்கா! இவரு பூசாரி இல்ல லா! டை கட்டின பூசாரிய எங்க பாத்தீங்க?”

“விடுங்க தம்பி,” என்றார் என் வீட்டுக்காரர். “இன்னும் கொஞ்சம் விட்டா வேப்பிலை ஒடிக்கப் போயிருவா.”

மகளுக்கு முகம் சிவந்துவிட்டது. “அம்மா, காப்புறுதின்னா இன்சூரன்ஸ்.”

“அப்ப இன்சூரன்ஸ்னு சொல்ல வேண்டியதுதானே? காப்புன்னு அவர் சொன்னாரு. நான் சொல்லல.” எனக்கு வெட்கமே வரவில்லை. சொன்னது போதாதென்று இன்னொன்றும் கேட்டேன். “இதுக்கு எல்லை எதுவரைக்கும்?”

டை கட்டியவர் சிரிக்கவில்லை. “நல்ல கேள்வி. இது இந்த நாட்டுக்குள் மட்டும்தான் செல்லும். நாட்டைவிட்டுப் போய்த் தங்கினால் செல்லாது.”

“பாத்தீங்களா?” என்று எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தேன். “காப்புதான்.”

சீனர் பெஞ்சின் நுனிக்கு வந்தார். “அண்ணே, என் கம்பெனி அப்படி இல்ல. நீங்க மெட்ராஸ்ல போய்ப் படுத்தாலும் செல்லும். ஆனா நான் பொய் சொல்ல மாட்டேன், இங்க படுத்தா பத்துப் பேரோட ஒரே வார்டுதான். இவரு கம்பெனியில தனி ரூம்பு கெடைக்கும்.”

சிவப்புக் கார்டு பரவாயில்லையா என்று மகள் கேட்டாள். பரவாயில்லை, இரண்டு கம்பெனியும் எடுத்துக்கொள்ளும் என்றார்கள். அதற்குள் என் வீட்டுக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்.

“மெட்ராஸ்ல செல்றதுதான் எங்களுக்கு வேணும். சின்னவன் பரீட்சை முடிஞ்சதும் நாங்க கெளம்புறோம். அண்ணன் நெலத்துல ஒரு ரூம்பு போட்டுக்கலாம்.”

நாங்க என்றார். நான் காப்பிக் குவளைகளை எடுத்துக்கொண்டிருந்தேன். ஊர் ஊர் என்று அவர் பேசுவதைத் தூங்கப் போகிற பிள்ளைக்குச் சொல்கிற கதை மாதிரிதான் அவ்வளவு வருஷமும் கேட்டிருந்தேன். அதில் நானும் இருக்கிறேன் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அடுத்த ஞாயிறு முடிவு சொல்கிறோம் என்று மகள் இரண்டு பேரையும் அனுப்பி வைத்தாள்.

சாயங்காலம் அவரோடு பழைய ஈயக் குளத்துப் பக்கம் நடந்தேன். ஈயம் தோண்டி எடுத்த பள்ளத்தில் தண்ணீர் நிறைந்து கிடக்கும், ஒரு அலை இருக்காது. சுண்ணாம்பு மலை அதில் தலைகீழாக நின்றது. மேலே இருக்கிற மலையைவிடத் தண்ணீருக்குள் இருந்த மலைதான் எனக்கு நிஜமாகத் தெரிந்தது. அங்கேயும் ஒரு வீடு இருக்கும், ஒரு பெண் துணி காயப்போடுவாள் என்று நினைத்துக்கொண்டு நடந்தேன்.

“நீ ஏன் ஒண்ணும் சொல்லல?” என்றார்.

“பிள்ளைங்க?”

“அதுங்களுக்கு நீலக் கார்டு இருக்கு. இது அதுங்க நாடு. நாம வந்தவங்கதானே, புள்ள.”

“நீங்க வந்தீங்க. என்னைத் தூக்கிட்டு வந்தாங்க.”

“நம்ம ஊரப் பாத்தா நீயே திரும்பி வர மாட்டேன்னு சொல்லுவ. கெணத்துத் தண்ணி அப்படி இனிக்கும்.”

“உங்க ஊர்ல எனக்கு யாரத் தெரியும்? ஒரு ஆட்டத்தான் தெரியும். அதுவும் இன்னேரம் செத்திருக்கும்.”

சிரித்துவிட்டார். சிரித்ததில் இருமல் வந்து, குளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் முதுகைத் தடவிக்கொடுத்தேன். அவருக்கு அந்த ஊர் எவ்வளவு வேண்டும் என்பது முதுகைத் தடவும்போது கையில் தெரிந்தது. எனக்கு அது வேண்டாம் என்பதும் அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது. 

அடுத்த ஞாயிறு இரண்டு ஏஜெண்டும் அதே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். மகள் பேனாவைத் திறந்தாள். நான் முந்திக்கொண்டு, முதலில் சீனர் தாளையும் பிறகு டை கட்டியவர் தாளையும் தொட்டுக் காட்டினேன்.

“அவருக்கு அது. எனக்கு இது.”

தனித்தனியாக எடுக்கலாமா என்று மகள் கேட்டாள். எடுக்கலாம் என்று இரண்டு பேரும் மெல்லிய குரலில் சொன்னார்கள். இது ஆஸ்பத்திரியைப் பற்றிய பேச்சில்லை என்பது அவர்களுக்கும் புரிந்திருக்கும். சீனர் என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தார். “அண்ணே?”

“அவ சொல்றபடி எழுதுங்க,” என்றார் அவர்.

டை கட்டியவர் மை தடவுகிற டப்பாவை என் பக்கம் தள்ளினார். நான் அதைத் திருப்பித் தள்ளினேன். கைநாட்டு வைக்கிற ஆள் நான் இல்லை. என் பெயரை எழுத்து எழுத்தாக, கோடு தாண்டாமல் எழுதினேன். எழுதி முடிக்கிறவரைக்கும் எல்லாரும் காத்துக்கொண்டு இருந்தார்கள்.

அதற்குப் பிறகு எங்களுக்குள் சண்டை வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் சோற்றில் குறை சொல்வதை விட்டுவிட்டார். விருந்தாளி மாதிரி நல்லா இருக்கு, நல்லா இருக்கு என்று சாப்பிட்டார். சின்னவன் பரீட்சை முடிந்ததும் பினாங்கு போய்க் கப்பல் டிக்கெட் எடுத்து வந்தார். ஒன்றுதான். அதை என் கையில் கொடுக்காமல், மகள் கண்ணில் படுகிற மாதிரி அலமாரி மேல் வைத்தார். நான் அவருடைய சட்டைகளுக்குப் பொத்தான் தைத்துக் கொடுத்தேன். தகரப் பெட்டிக்குள் இரைப்பு மருந்தைத் துணியில் சுற்றி வைத்தேன். போகாதீர்கள் என்று சொல்லவில்லை. அவர் என்னை இழுத்துக்கொண்டு போகவில்லை, நான் மட்டும் அவரை இழுத்துப் பிடிப்பது நியாயமா?

கப்பலுக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது எனக்கு அந்த வயிற்று வலி வந்தது. வழக்கமாக வருகிற மாதிரி இல்லை. அடுப்படியில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. டாக்சியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். தெருவிளக்கு, சாப்பாட்டுக் கடைப் பந்தல், மலை, எல்லாம் கண்ணாடியில் ஒன்றோடொன்று வழிந்து போனது. பித்தப்பையில் கல், எடுத்துவிட வேண்டும் என்றார்கள். மகள் இன்சூரன்ஸ் அட்டையைக் காட்டினாள். உடனே தனி அறை. நர்ஸ் பெண் ஒருத்தி வந்து என் பெயர் எழுதிய பட்டை ஒன்றை மணிக்கட்டில் சுற்றி மாட்டினாள். 

என் வீட்டுக்காரர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். “அடப்பாவிங்களா,” என்றார். “நெசமாவே கட்டிட்டானுங்க.”

வலியோடு சிரித்தேன். நர்ஸ் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை.

ஆபரேஷன் முடிந்து எத்தனை நாள் அரைத் தூக்கத்தில் கிடந்தேன் என்று சொல்ல முடியாது. கண் திறந்தால் ஜன்னல், ஜன்னலில் மலை. மூடினால் ரப்பர் இலை உதிர்கிற சத்தம். கப்பல் ஆடுகிற மாதிரி கட்டில் ஆடும். அந்த வெள்ளை ஆடுகூட ஒரு தடவை வந்தது. எப்போது திறந்தாலும் நாற்காலியில் அவர் இருந்தார். தனி அறையானதால் யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை. 

ஒரு மத்தியானம் தலை தெளிந்து விழித்தேன். அவர் மடியில் துண்டை விரித்துப் பம்பளிமாசு உரித்துக்கொண்டிருந்தார். தடித்த தோலைச் சீவி, வெள்ளைத் தோலைக் கிழித்து, சுளை உடையாமல் எடுத்து, தட்டில் வரிசையாக வைத்தார். அறையெல்லாம் அதன் வாசம். என்ன கிழமை என்று கேட்டேன். சொன்னார். மனசுக்குள் எண்ணிப் பார்த்தேன்.

“கப்பல் இன்னிக்குத்தானே?”

அவர் சுளையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “நேத்து.”

“நேத்தா?”

“ம். போயிருக்கும்.”

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அழுத மாதிரியும் இல்லை, தியாகம் பண்ணின மாதிரியும் இல்லை. பம்பளிமாசு உரிக்கிற முகம்தான் இருந்தது. ஒரு சுளையை என் பக்கம் நீட்டினார்.

“எனக்குக் கஞ்சிதான் குடுக்கணும்னு டாக்டர் சொல்லியிருக்காரு,” என்றேன்.

“அப்படியா? அப்ப நானே திங்கறேன்,” என்று வாயில் போட்டுக்கொண்டார். மென்றுகொண்டே சொன்னார், “புளிப்பு. இந்த மருந்தைப் போய் மூணு வெள்ளி காசு குடுத்து வாங்கியிருக்கேன் பாரு.”

நல்லா இருக்கு என்று சொல்லவில்லை. குறை சொன்னார். அது போதும் எனக்கு, தூங்கிவிட்டேன்.

இதோடு நிறுத்துகிறேன். பேத்தி பள்ளிக்கூடத்திலிருந்து வந்துவிட்டாள், செருப்புச் சத்தம் கேட்கிறது. வா கண்ணு. சோறு பிறகு தின்னலாம், கையை மட்டும் கழுவிட்டு வந்து உட்காரு. இத முதல்லேருந்து சத்தமா வாசி. எழுத்துத் தப்பு இருந்தா சொல்லாதே, நீயே திருத்தி வாசிச்சிரு. தாத்தா பேசற எடத்துல மட்டும் அவசரப்படாம மெதுவா வாசி, நான் கேக்கணும்.